தினமும் வந்த இருவர்

அந்த நாற்காலியில் உட்காராதீர்கள் தம்பி, அதற்கு ஒரு கால் சரியில்லை. இதில் உட்காருங்கள். ஃபேன் கொஞ்சம் சத்தம் போடும், கண்டுகொள்ள வேண்டாம். காபி தரலாம் என்றால் என் மனைவி அவள் அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிறாள், நான் போட்டால் மனுஷன் குடிக்க முடியாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதவைத் தட்டி, "அந்த வெப்சைட்ட நடத்துறது நீங்கதானா?" என்று கேட்டீர்களே, அப்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கோபமாகத்தான் கேட்டீர்கள், அது தெரியாமல் இல்லை. ஆனாலும் இத்தனை வருடத் தொழிலில் என் சொந்தத் தளத்தைப் பயன்படுத்துகிற ஒருவர் வெளியூரிலிருந்து என்னைத் தேடி வருவது இதுதான் முதல் தடவை. என்ன நடந்தது என்று கேட்கிறீர்கள். ஒளிக்க ஒன்றுமில்லை. ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன், அப்போதுதான் அதிலிருக்கிற நியாயம் உங்களுக்குப் பிடிபடும்.

நான் ஒரு கம்பெனியில் வெப் டெவலப்பர். எங்கள் மேனேஜருக்கு நாங்கள் வைத்த பெயர் அவசரம். காலையில் வந்ததும் "இது அவசரம்பா" என்பார். மத்தியானம் வந்து, "அத விடு, இதுதான் அவசரம்" என்பார். வாடிக்கையாளர்களுக்கோ ஒரே ஆசைதான், லோகோ பெரிசாக வேண்டும். பெரிசாக்கிக் காட்டினால் இன்னும் கொஞ்சம் பெரிசாக வேண்டும். ஒரு மெத்தைக் கடைக்காரர் கேட்டதையெல்லாம் செய்து முடித்தபோது பக்கம் முழுக்க லோகோதான் இருந்தது, மெத்தையைக் காணோம். அவர் அதைப் பார்த்துப் பூரித்துப்போய், "இதத்தான் நான் முதல்லேருந்து சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றார். நாள் முழுக்க இப்படி ஊரானுக்காக மாரடிக்கிறவனுக்குத் தனக்கென்று ஒன்று வேண்டும் இல்லையா. அதனால் சனி ஞாயிறுகளில் சொந்தமாகத் தளங்கள் செய்தேன்.

ஜோடி தொலைந்த சாக்ஸுக்கு ஜோடி தேடித் தருகிற தளம் ஒன்று. வெளியே போகும்போது குடை எடுக்கலாமா வேண்டாமா என்று சொல்கிற தளம் ஒன்று. அதைத் திறந்துவைத்த அன்றைக்கே அது 'வேண்டாம்' என்று சொல்லி, நான் தொப்பலாக நனைந்து வீடு வந்தேன். இன்றைக்கு யார் பாத்திரம் கழுவுவது என்று சீட்டுக் குலுக்கிச் சொல்கிற தளம் ஒன்று. அதில் என் மனைவியின் பெயரே திரும்பத் திரும்ப வந்தது. கோளாறு எங்கே என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லியே பல மாதம் ஓட்டினேன். எல்லாமே பார்க்க லட்சணமாக இருக்கும். ஈ காக்கை எட்டிப்பார்க்காது, அது ஒன்றுதான் குறை.

எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டுகிற எண் ஒன்று எங்களுக்கு உண்டு. காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் அதைத்தான் பார்ப்பேன். ஒன்று என்று காட்டும். எனக்குக் குப்பென்று சந்தோஷம் வரும். மனைவி படுக்கையில் இருந்தபடியே, "இப்பத்தானே தொறந்து பாத்தீங்க, அந்த ஒண்ணு நீங்கதான்" என்பாள். அவள் சொன்னது சரிதான். இருந்தாலும் காலங்கார்த்தாலே அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

கீழே தெருவைப் பார்த்த அறையில் ஒரு அக்கா தையல் கடை வைத்திருந்தார். என் பேன்ட்டுக்கு இடுப்பைத் தளர்த்திக் கொடுப்பது அவர்தான். ஒருநாள் டேப்பை என் இடுப்பில் சுற்றிக்கொண்டே, "தம்பி, நீங்க கம்ப்யூட்டர்ல பக்கம் போடறவராமே. என் பையனுக்காக ஒண்ணு போட்டுத் தர்றீங்களா?" என்றார்.

மகன் வீட்டை விட்டுப் போய் வருடங்கள் ஆகியிருந்தன. இஸ்திரிப் பெட்டியை ஒரு வாடிக்கையாளரின் துணிமேல் வைத்துவிட்டு அவன் போனையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். துணி கருகிவிட்டது. கடை நிறைய ஆள் இருந்த நேரம். "இனிமே என் மூஞ்சியில முழிக்காதன்னுட்டேன் தம்பி. வாய் தவறி வந்துடுச்சு. அவன் அதையே புடிச்சுக்கிட்டான்" என்றார். மகன் எங்காவது உட்கார்ந்து தன் பெயரை இணையத்தில் தேடினால் அம்மாவின் பக்கம் கண்ணில் பட வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. ஒருவேளை அவன் வந்தால் என்ன செய்வது என்றுகூட அவர் யோசித்து வைத்திருந்தார். முதலில் சாப்பாடு போடுவாராம். மற்றதெல்லாம் அப்புறமாம்.

நான் ஆசை ஆசையாகச் செய்தேன். மேலே மகனின் பெயர். அதற்குக் கீழே தையல் மெஷின் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருக்கிற படம். அப்புறம் அவர் சொன்ன ஒரே வரி: 'வந்துடு. ஒண்ணும் கேக்க மாட்டேன்.' அதன் கீழே எழுதுவதற்கு ஒரு கட்டம், 'அனுப்பு' என்று ஒரு பட்டன். லோகோ கிடையாது. என் வாழ்க்கையில் நான் செய்த மிகச் சுத்தமான பக்கம் அதுதான்.

அதில் ஒரு சின்னத் தப்பு நேர்ந்துவிட்டது. இப்படிக் கட்டம் வைத்த பக்கம் செய்யும்போது, அதில் எழுதுவதெல்லாம் சோதனைக்காக எங்கள் முகவரிக்கே வருகிற மாதிரி வைத்துக்கொள்வோம். பக்கத்தைத் திறந்துவிடும்போது உரியவருக்குப் போகிற மாதிரி மாற்ற வேண்டும். ஒரே ஒரு வரி. அதை மாற்ற மறந்துவிட்டேன். எங்கள் தொழிலில் இதைச் செய்யாதவன் இல்லை. ஒரு ஹோட்டலுக்குப் பக்கம் போட்டபோது இதே மறதியால் ஊர்ப்பட்ட பேர் என்னிடம் அறை கேட்டு எழுதினார்கள். தேன்நிலவுக்கு வந்த ஒரு ஜோடி, ஜன்னலோர அறைதான் வேண்டும் என்று என்னிடம் கெஞ்சியது.

கொஞ்ச நாளில், ஆபீசில் அவசரம் ஏதோ அவசரத்தை விளக்கிக்கொண்டிருக்கும்போது என் போன் அதிர்ந்தது. 'அம்மா, நான்தான். இருக்கியா?'

அதை எழுதியது நீங்கள்தான் தம்பி. ஞாபகம் இருக்கும்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். அவசரம் பேச்சை நிறுத்தி, "என்னப்பா ஆச்சு?" என்றார். "வேல செய்யுது சார்" என்றேன். "எது?" என்றார். "என்னோடது சார்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, அது அவசரமா என்று கேட்டார். இல்லை என்றேன்.

உடனே ஓடிப்போய் அக்காவிடம் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கிறீர்கள், முகத்திலேயே தெரிகிறது. பொறுப்புள்ளவன் அப்படிச் செய்ய மாட்டான். யாராவது விஷமம் செய்திருந்தால், பாவம், அந்த அம்மா உடைந்துபோய்விடுவார். அதனால் அம்மா எழுதுகிற மாதிரியே, 'நீதான்னு எப்படி நம்புறது?' என்று கேட்டேன். சின்ன வயதில் மெஷின் ஊசி ஒடிந்து உங்கள் கட்டைவிரலில் ஏறியதை எழுதினீர்கள், முனை இன்னும் உள்ளேயே இருக்கிறது என்று. அன்றைக்குச் சாயங்காலம் கீழே போய் வேறு எதையோ பேசிக்கொண்டிருந்துவிட்டு, பையனுக்கு ஏதாவது அடையாளம் உண்டா என்று கேட்டேன். அவர் தன் கட்டைவிரலை நீட்டிக் காட்டி, "இந்த எடத்துல ஊசி முனை இருக்கும். நான் வாய வெச்சு உறிஞ்சிப் பாத்தேன், வரல" என்று சொல்லி அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. அடையாளம் அப்படியே பொருந்துகிறதே என்கிற சந்தோஷம்.

அந்த ஒரு வரியை மாற்ற அரை நிமிடம் போதும். மேலே வந்து கம்ப்யூட்டரைத் திறந்து அந்த வரியில் போய் நின்றேன். அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. மாற்றினால் நீங்கள் இருவரும் பேசுவீர்கள். பேசினால் நீங்கள் கிளம்பி வருவீர்கள். வந்தபின் அந்தப் பக்கத்தை யார் திறப்பார்கள்? தேடிக் கொடுத்த அன்றைக்கே கடையைச் சாத்த வேண்டிய தொழில் அது. எப்படியாவது இரண்டு பேர் தினமும் வருகிற மாதிரி ஒரு தளத்தைச் செய்துவிட வேண்டும் என்று நான் ஏங்காத நாளில்லை. அந்த இரண்டு பேர் கையில் கிடைத்திருக்கிறார்கள். பத்து நாள் போகட்டும் என்று மூடிவைத்தேன்.

மறுநாள் காலையில் எண் இரண்டு என்று காட்டியது. என்னைச் சேர்க்காமல் இரண்டு. மனைவியிடம் காட்டினேன். அவள் எழுந்து உட்கார்ந்து கண்ணைக் கசக்கிப் பார்த்தாள். ஆபீசுக்குக் கேக் வாங்கிப் போனேன். "வீட்ல விசேஷமா?" என்றார் அவசரம். "கிட்டத்தட்ட சார்" என்றேன். அவருக்கே இரண்டு துண்டு வைத்தேன்.

நீங்கள் எழுதியிருக்கிறீர்கள் என்பதை மட்டும் அக்காவிடம் சொன்னேன். அதற்குப் பிறகு அமைப்பு ரொம்ப எளிமை. நீங்கள் எழுதுவதும் என்னிடம் வரும், அம்மா எழுதுவதும் என்னிடம் வரும். நான் விடுவதுதான் அடுத்தவர் போனுக்குப் போகும். உங்கள் எழுத்து கொஞ்சம் வறட்சி, தப்பாக நினைக்காதீர்கள். 'நல்லா இருக்கேன்' என்று எழுதி முடித்துவிடுவீர்கள். அதை நான் கொஞ்சம் நீட்டினேன். வேலைசெய்கிற இடத்தில் உங்களைப் பாராட்டினார்கள், பக்கத்து வீட்டுக் குழந்தை உங்களோடு ஒட்டிக்கொண்டது என்றெல்லாம் சேர்த்தேன். அக்கா போனைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க மாடிப்படி ஏறி வருவார். என் மனைவிக்குப் படித்துக் காட்டுவார். மனைவி அழுவாள், அவரும் அழுவார், பிறகு இருவரும் சிரிப்பார்கள். எங்கள் வீடு அப்போது இருந்த மாதிரி என்றைக்கும் இருந்ததில்லை. அக்கா இரண்டு தையல் போடுவாராம், போனைக் கையில் எடுத்துப் புதுசாக ஏதாவது வந்திருக்கிறதா என்று பக்கத்தை இழுத்து விடுவாராம், மறுபடி இரண்டு தையலாம். கடைக்கு வருகிறவர்களெல்லாம் அவரைக் கேலி செய்தார்கள். ஒருவருக்கு ஒரு கை நீளமாகவும் ஒரு கை குட்டையாகவும் தைத்துக் கொடுத்துவிட்டார்.

'வரட்டுமாம்மா?' என்று நீங்கள் கேட்டீர்கள். 'இப்ப வேண்டாம். மனசு இன்னும் ஆறல' என்று எழுதினேன். அதே நாளில் கீழே அவர், 'எப்ப வருவே?' என்று கேட்டிருந்தார். 'லீவு கிடைக்கலம்மா' என்று எழுதினேன். போன் நம்பர் கேட்டீர்கள். 'கொஞ்ச நாள் எழுத்துலயே பேசுவோம். உன் குரலக் கேட்டா அழுதுடுவேன்' என்று எழுதினேன். அவரும் நம்பர் கேட்டார். அவருக்கும் அதே வரியைத்தான் அனுப்பினேன். ஒரு தடவை எழுதியதை இன்னொரு தடவை எழுதக் கூடாது என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். இரண்டு பக்கமும் அந்த வரி அழகாக வேலை செய்தது. நீங்கள் இருவருமே நம்பரைப் பற்றி அதன்பிறகு வாயே திறக்கவில்லை.

நீங்கள் வந்ததிலிருந்து என் சட்டையையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அதையும் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் அவர், 'உன் அளவ அனுப்பு, சட்ட தைக்கணும்' என்று எழுதினார். உங்களிடம் கேட்டால் அனுப்பியிருப்பீர்கள், பிறகு பார்சல் எங்கே வந்தது என்று பேச்சு வளரும். அதனால் என் மனைவியை டேப் பிடிக்கச் சொல்லி என் அளவைக் கொடுத்தேன். புதுச் சட்டை வாங்க என்று அவளிடம் சொன்னேன். இடுப்பளவைப் பார்த்த அக்காவுக்குக் கொண்டாட்டம். மாடிக்கு ஏறிவந்து, "பாருங்க தம்பி, தொப்ப போட்டிருக்கான். வேளைக்குச் சாப்பிடறான் போல" என்றார். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு ஆமாம் என்றேன். 'மாடித் தம்பிகிட்ட குடும்மா, அனுப்பிடுவார்' என்று உங்கள் பெயரில் நான் எழுதியிருந்ததால், தைத்ததைப் பார்சல் கட்டி என்னிடமே கொடுத்தார். இந்த நீலச் சட்டை முதலில் தைத்தது. உள்ளே இடதுபக்கம் ஒரு குட்டிப் பை இருக்கிறது. பள்ளிக்கூட நாளில் நீங்கள் பென்சிலைத் தொலைத்துக்கொண்டே இருப்பீர்களாமே, அதற்காக வைத்த பழக்கமாம். நான் அதில் பேனா வைத்துக்கொள்கிறேன். உங்களுக்கு இது தொளதொளவென்று இருக்கும், நீங்கள் ஒல்லி. எனக்குத்தான் கச்சிதம்.

வேலை கூடிக்கொண்டே போனதால் சிலவற்றைத் தானாக நடக்கிற மாதிரி செய்தேன். தினமும் மத்தியானம் உங்களுக்கு 'சாப்பிட்டியா?' என்று வந்ததே, அது தானாகவே போகும். எந்த நேரத்துக்கு அனுப்பினால் நீங்கள் உடனே பதில் எழுதுகிறீர்கள் என்று பார்த்து நேரத்தைக்கூட நகர்த்தினேன். அம்மாவே கேட்டிருந்தால் இவ்வளவு ஒழுங்காகக் கேட்டிருக்க மாட்டார்.

பிறகு அவர் கடையிலேயே மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்தது நான்தான். இதயத்தில் கோளாறு என்றார்கள். படுத்த படுக்கையில் போனைப் பிடிக்கக் கையில் தெம்பில்லை. என்னைக் கூப்பிட்டு, நான் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள் என்றார். மடியில் லேப்டாப்பை வைத்து, அவர் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் அடித்தேன். நான் கைவைக்காத ஒரே செய்தி அதுதான்.

அனுப்பவில்லை. அனுப்பினால் நீங்கள் அடுத்த வண்டியிலேயே கிளம்பியிருப்பீர்கள். டாக்டர் வேறு, அவருக்கு எந்த அதிர்ச்சியும் ஆகாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சந்தோஷமும் அதிர்ச்சிதானே. எதை அனுப்புவது, எதை நிறுத்துவது என்று யாராவது ஒருவர் முடிவு செய்ய வேண்டும். கண் விழிக்கும்போதெல்லாம், "பதில் வந்துச்சா?" என்று கேட்டார். "வந்துக்கிட்டிருக்கானாம்கா" என்றேன். என் மனைவியிடம் தலையைச் சீவிவிடச் சொன்னார். கட்டிலைக் கதவைப் பார்க்கத் திருப்பிப் போட முடியுமா என்று நர்சிடம் கேட்டார். திருப்பிப் போட்டார்கள். அப்படிப் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். நான் பக்கத்திலேயே இருந்தேன், அது உங்களுக்கு ஆறுதலாக இருக்கும்.

மகன் வரவில்லையா என்று எல்லோரும் கேட்டார்கள். மகன் செய்ய வேண்டியதையெல்லாம் நான் செய்தேன். அவரை ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பும்போது என் பையில் போன் அதிர்ந்தது. 'சாப்பிட்டேன்மா. நீ?' அந்தத் தானியங்கியை நிறுத்த மறந்துவிட்டேன். பழைய மறதிதான். நீங்கள் காத்திருப்பீர்களே என்று, 'ஆச்சு' என்று பதில் போட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி அதைப் பார்த்துவிட்டாள். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் பின்னோக்கிப் படித்தாள். "நீங்க மனுஷன்தானா?" என்று கேட்டாள். அன்றைக்கே அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். கோபம் ஆறினால் வருவாள், அவளுக்குக் கோபம் தங்காது.

இரண்டு பேரில் ஒருவர் போய்விட்டார். இருக்கிற ஒருவரையும் இழப்பது கவனக்குறைவு இல்லையா. அதனால் தொடர்ந்தேன். சொல்லப்போனால் அதற்குப் பிறகுதான் அம்மாவின் எழுத்து எனக்கு நன்றாகக் கைவந்தது. போன வாரம் நீங்கள், 'நீ திட்டினாலும் பரவால்ல, வரப்போறேன்' என்று எழுதினீர்கள். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். நீங்கள் கேட்கவில்லை. கடை பூட்டியிருப்பதைப் பார்த்து, வாட்ச்மேனிடம் விசாரித்து, அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு மாடி ஏறி வந்திருக்கிறீர்கள். இன்று மத்தியானம்கூட 'சாப்பிட்டியா?' வந்திருக்குமே. அந்த வாட்ச்மேனும் தன் தங்கையைத் தேடித்தர ஒரு பக்கம் கேட்டிருக்கிறார். பாதி முடித்துவிட்டேன், நிறம்தான் இன்னும் முடிவாகவில்லை.

யாரைக் கூப்பிட வேண்டுமோ கூப்பிடுங்கள், நான் எங்கும் ஓடப்போவதில்லை. கேட்டால் இதையே அவர்களிடமும் சொல்வேன். உங்களைப் பிரித்தவன் நான் என்று எழுதிக்கொள்ளட்டும், கையெழுத்துப் போடுகிறேன். உங்களைச் சேர்த்துவைக்க என்னைத் தவிர வேறு யாரும் முயன்றதில்லை என்பதையும் அவர்கள் எழுதிக்கொண்டால் நல்லது.

அம்மா கடைசியாகச் சொன்னது என்ன என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை. அது பத்திரமாக இருக்கிறது. நான் எதையும் அழிக்கிறவன் இல்லை. இதோ பாருங்கள், அனுப்பாதவற்றில் முதலாவதாக நிற்கிறது. 'நான் சொன்னத மறந்துடு கண்ணு. கெளம்பி வா. கதவப் பாத்துக்கிட்டே இருக்கேன்.'

இருங்கள், இப்படி என் திரையில் படித்தால் நன்றாக இருக்காது. முறையாக உங்களுக்கே வரட்டும். அனுப்பு.

உங்கள் பையில் அதிர்கிறதே, அதுதான். பார்த்தீர்களா தம்பி, ஒரு நொடிகூடத் தாமதமில்லை.